மூன்றாம் விளக்கும் ஒரு கிளாஸ் ரம்மும்

அந்த வாரம் தொடங்குவதற்கு முன் என் நிலை என்ன என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். வீரபாண்டியில் பின்னலாடைத் துணிக்குச் சாயமேற்றும் ஒரு தொழிற்சாலையில் ஆய்வகத் தலைவராக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியிருந்தேன். என் கையெழுத்துடன் வெளியேறிய துணி அதுவரை ஒருமுறைகூட நிறத்திற்காக நிராகரிக்கப்பட்டதில்லை. சனிக்கிழமை மாலைகளில் அறுபது மில்லி ரம் அருந்தும் வழக்கம் எனக்கு உண்டு. என் மனைவிக்கு அது தெரியும். எவரிடமும் அதை மறைத்ததில்லை. எவருடனும் சேர்ந்து அருந்தியதும் இல்லை. புகைப்பழக்கம் கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுத வேண்டிய தேவை சென்ற மாதம் வெள்ளகோவிலில் நடந்த ஒரு திருமண வரவேற்பில் ஏற்பட்டது. என்னிடம் ஆய்வக உதவியாளராக இருந்த ஜெபராஜ் இன்று வேறொரு நிறுவனத்தில் மேலாளர். குடும்பம் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தது, திறமையானவர், என்மீது மெய்யான மதிப்புள்ளவர். தம்முடன் பணிபுரியும் நான்கைந்து இளைஞர்களை அழைத்துவந்து என் முன்னே நிறுத்தினார்.

“எல, இவங்கதான் நான் சொன்ன சார். வெளிநாட்டுக்காரனுக்கு ஒத்த கிளாஸ் ரம் கலந்து குடுத்து, பெயிலான லாட்ட பாஸ் பண்ண வச்சவங்க. இப்ப நீங்க எல்லாம் மெயில்ல கலர் நம்பர் அனுப்பிட்டு நகத்தக் கடிச்சிட்டு உக்காந்திருக்கீங்க” என்றார்.

இளைஞர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் கலவையின் செய்முறையைக் கேட்டார். எழுதி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு உணவருந்தாமல் வெளியேறினேன். செய்முறை கீழே இருக்கிறது. அதனுடன் சேர்ந்து வருவதையும் அவர்கள் படித்தாக வேண்டும்.

நான் தொழில் கற்ற ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிப்பெட்டால் உறிஞ்சி அளக்கவும், ஒரு நிறத்தைப் பார்த்து ‘அழகு’ என்று சொல்லாமல் ‘சிவப்பு கூடுதல், ஒளி குறைவு’ என்று சொல்லவும் நான்கு ஆண்டுகள் ஆயின. பிறகு கற்றவை அனைத்தும் ஒரே கருவியைச் சார்ந்தவை. அது விளக்குப் பெட்டி. உட்புறம் சாம்பல் நிறம் பூசிய ஒரு பெட்டி. அதற்குள் மூன்று விளக்குகள். முதலாவது பகல் வெளிச்சம், இரண்டாவது வீட்டு மஞ்சள் விளக்கு, மூன்றாவது அயல்நாட்டுக் கடைகளில் எரியும் குழல்விளக்கு. துணியையும் வாங்குபவர் ஒப்புதல் தந்த மாதிரியையும் அருகருகே வைத்து மூன்றிலும் பார்க்க வேண்டும். சில சாயக் கலவைகள் பகலில் மாதிரியோடு ஒன்றாக நிற்கும். கடை விளக்கில் பிரிந்து, தனியே சிவந்தோ பச்சையாகவோ தெரியும். பார்ப்பவரின் கண்ணில் குறையில்லை. கலவைதான் அத்தகையது. மூன்று விளக்கிலும் நிற்காத துணிக்குக் கையெழுத்திடக் கூடாது என்பது நானே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.

எங்கள் முதலாளி குழந்தைசாமி அவர்கள் அந்த விதியைத் தினமும் பார்ப்பவர். ஆய்வகத்துக்குள் வரும்போது செருப்பை வாசலில் கழற்றிவிடுவார். சாயக் கறை படிந்த எங்கள் தரைக்கு அந்த மரியாதை தேவையில்லை. ஆயினும் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் தவறியதில்லை. நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். துணியை விரலால் தொட மாட்டார், புறங்கையால் தடவுவார். முதலில் என் வீட்டாரின் நலம் விசாரிப்பார். பிறகு ஏதாவது ஒரு செய்தியைப் பாதி சொல்லி நிறுத்துவார். மீதிப் பாதியை நாம் செய்ய வேண்டும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. “பார்த்துக்குங்க” என்று அவர் சொன்ன பிறகு மறுத்தவரையும் நான் கண்டதில்லை.

அந்த ஏப்ரலில், எங்களிடம் தொடர்ந்து துணி வாங்கிய ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் நிறத் தொழில்நுட்பர் ஒரு வாரத் தங்கலாக வந்தார். அவரை மார்ட்டின் என்று குறிப்பிடுகிறேன். அறுபதை நெருங்கியவர், நெடிய உருவம், பேச்சு மிகக் குறைவு. மாலை ஆறு மணிக்கு விருந்தினர் இல்லத்தின் மேல்மாடி வராந்தாவில் அமர்ந்து ஒரே ஒரு சுருட்டுப் பிடிப்பார். கியூபாவில் சுருட்டியவை, ஒரு மரப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். முதல் நாளான ஞாயிறு மாலை எங்கள் அலுவலகத்தார் விஸ்கியும் குளிர்பானமும் கலந்து வைத்த கிளாஸ், வைத்தபடியே திரும்பி வந்தது.

மறுநாள் காலை முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

“ஏனுங்க சார், ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? அந்த வெள்ளைக்காரரு நேத்து கிளாஸைத் தொடக்கூட இல்லீங்க. மொகஞ் சுளிச்சா நாம சங்கடப்படுவமுன்னு அப்படியே வெச்சுட்டாருங்க. நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவரு. பார்த்துக்குங்க.”

பட்டம் பெற்றது பானம் கலக்கவா என்ற கசப்பு எழுந்ததை மறுக்க மாட்டேன். ஆயினும் எந்த வேலையையும் முறைப்படி செய்வதே என் வழக்கம். முதலில் சுருட்டுகளைப் பார்த்தேன். விமானத்திலும் எங்கள் வெயிலிலும் உலர்ந்து மேலிலை வெடித்திருந்தது. மாதிரித் துணிகளை ஈரம் குன்றாமல் வைக்கும் பெட்டி ஆய்வகத்தில் இருக்கிறது, அதில் வைத்துவிடலாமே என்று முதலாளி யோசனை சொன்னார். மறுத்துவிட்டேன். பருத்தி எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக, இறுக மூடும் ஒரு டப்பாவில் நீர் தெளித்த கல்லுப்பை ஒரு கிண்ணத்தில் வைத்து, அதன் மேல் தட்டில் சுருட்டுகளை அடுக்கினேன். ஈர உப்பு, மூடிய இடத்தின் காற்றை ஒரே ஈரத்தில் நிறுத்தும் என்பது கல்லூரி முதலாண்டுப் பாடம். இரண்டு நாளில் இலை மறுபடி நெகிழ்ந்தது. மார்ட்டின் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து மெல்ல அழுத்திப் பார்த்தார். நொறுங்கும் ஓசை இல்லை. தலையசைத்தார்.

செவ்வாய் மாலைக்கு நான் கலந்தது இது: வயதேறிய கருப்பு ரம், கெட்டியான கருப்பட்டிப் பாகு, சில துளி எலுமிச்சை, பனிக்கட்டி. சுருட்டின் இலையை முகர்ந்தபோது வெல்லமும் காய்ந்த வைக்கோலும் கலந்த வாசனை வந்தது. அதற்கு இணையாகக் கருப்பட்டியைச் சேர்த்தேன். மாதிரியைக் கொடுத்தால் அதைப் போலவே ஒன்றைச் செய்து பக்கத்தில் வைப்பதுதான் என் தொழில். வேறு விதமாக யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

மார்ட்டின் முதல் வாயிலேயே புருவம் உயர்த்தினார். முதலாளி என்னைப் பெருமையுடன் பார்த்தார். சுருட்டு பாதி எரிந்த பின் மார்ட்டின் கிளாஸைக் கீழே வைத்தார், பிறகு எடுக்கவில்லை. நான் காரணம் கேட்டேன். முதல் பத்து நிமிடம் மிக நன்றாகப் பொருந்தியது, அதன் பின் பிரிந்துவிட்டது என்றார். சுருட்டு எரிய எரிய மாறும், கிளாஸ் மாறவில்லை, முடிவில் இனிப்பு மட்டுமே மிஞ்சியது என்று விளக்கினார். உபசரிப்பவன் மனம் நோகுமே என்று ஒரு சொல்லையும் அவர் மென்மையாக்கவில்லை. பெட்டியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து என்னிடம் நீட்டி, முழுவதையும் பிடித்துப் பார்த்தால் புரியும் என்றார்.

புதன்கிழமை மாலை என் வீட்டு மொட்டைமாடியில், வாழ்க்கையில் முதல்முறையாகவும் கடைசிமுறையாகவும், ஒரு சுருட்டைப் பற்றவைத்தேன். மடியில் குறிப்பேடு, பக்கத்தில் கைக்கடிகாரம். புகையை விழுங்கக் கூடாது, வாயில் நிறுத்தி வெளிவிட வேண்டும் என்று மார்ட்டின் சொல்லியிருந்தார். இருந்தும் இருமினேன். துணி எடுக்க வந்த என் மனைவி சற்று நேரம் நின்று பார்த்தார்.

“அம்பத்தாறு வயசுல ஆரம்பிக்கறீங்களாக்கும்” என்றார். ஆய்வு என்றேன். “ஆமாங்க, தெரியுது. ஆய்வு கண்ணுல தண்ணியா ஊத்துது” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினேன். முதல் பங்கில் வைக்கோல், வறுத்த கடலைத்தோல், இலேசான இனிப்பு. நடுப் பங்கில் காப்பிக்கொட்டையும் மிளகும். கடைசிப் பங்கில் கசப்பு. ஈரத் தோல் போன்ற கனம். நாக்கு வறண்டு தடித்துவிடுகிறது. நான் முதல் பங்கை மட்டும் முகர்ந்துவிட்டு மூன்று பங்குக்கும் கலந்திருந்தேன். கடைசிப் பங்குக்கு வேண்டியது நாக்கைக் கழுவும் புளிப்பும், மிளகுக்கு ஈடுகொடுக்கும் உறைப்பும். இனிப்பு ஒரு நிழலாக இருந்தால் போதும்.

செய்முறை இதுதான். கருப்பு ரம் அறுபது மில்லி. எலுமிச்சைச் சாறு பதினைந்து. இஞ்சியை இடித்துப் பிழிந்து, அடியில் படியும் வெள்ளை மாவை நீக்கி, தெளிந்த சாறு ஐந்து. கருப்பட்டியைச் சம அளவு வெந்நீரில் கரைத்து, மண் போக வெள்ளைப் பனியன் துணியில் இரண்டுமுறை வடிகட்டியது, பத்து. விரல்நுனி உப்பு. இவற்றைக் கலந்து, எவர்சில்வர் தம்ளரில் உறையவைத்த ஒரே பெரிய பனிக்கட்டியின்மேல் ஊற்ற வேண்டும். சிறு கட்டிகள் விரைவில் கரைந்து நீர்த்துவிடும். அறுபது மில்லி சோடா. கமலா ஆரஞ்சுத் தோலை கிளாஸின் மேல் மடித்து அழுத்தினால் எண்ணெய் தூவலாக விழும். தோலை உள்ளே போடக் கூடாது. சுருட்டின் முதல் பங்கு முடியும்வரை ஒரு வாய்க்குமேல் குடிக்கலாகாது. கலவைக்கு நான் பயன்படுத்திய அளவுக் குழாய் கோவையில் என் கைப்பணத்தில் வாங்கியது. ஆய்வகத்துக் குழாய் என்று சொல்வோர் உண்டு. அது பொய்.

செய்முறை கேட்டவர்களுக்கு இது போதும். ஆனால் அதே புதன்கிழமை நண்பகலில், மொட்டைமாடிக்குப் போவதற்கு ஆறு மணி நேரம் முன்பு, வேறொன்று நடந்திருந்தது.

மார்ட்டின் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய துணி, குழந்தைகளுக்கான டீ-ஷர்ட்டுக்குரிய, ஒரே தொகுதியாகச் சாயமேற்றிய ஒரு பெரிய கருநீல லாட். அந்தக் கருநீலத்தில் மூன்று சாயங்கள் சேர்கின்றன. அவற்றுள் நீலம் தீர்ந்துபோய், புதியது வர ஒரு வாரம் ஆகும் என்றபோது, வேறொரு நீலத்தை மாற்றிப் பயன்படுத்த அனுமதித்தவன் நான். அந்த நாட்களில் விளக்குப் பெட்டியின் மூன்றாவது விளக்கான குழல்விளக்கு எரியாமல் போயிருந்தது. புதியது சென்னையிலிருந்து வரவேண்டியிருந்தது. பகலிலும் மஞ்சள் விளக்கிலும் லாட் மாதிரியோடு அச்சாகப் பொருந்தியது. இரண்டு விளக்கு போதும் என்று கையெழுத்திட்டேன். சுவரில் என் விதி ஒட்டியிருந்தது. அதன் கீழே நின்றுதான் கையெழுத்திட்டேன்.

குழல்விளக்கு புதன் நண்பகலில் வந்தது. மாட்டினேன். லாட் சிவந்து நின்றது. கற்றவர் கண் வேண்டியதில்லை. வழியில் போகிறவருக்கும் தெரியும் சிவப்பு. அப்போது ஆய்வகத்தில் வேறு எவரும் இல்லை. ஈஸ்டருக்கு ஊருக்குப் போன ஜெபராஜ் இன்னும் திரும்பவில்லை.

முதலாளியிடம் அன்றே சொன்னேன். நெடுநேரம் துணியைப் புறங்கையால் தடவிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை பதில் வந்தது.

“லாட்டை இன்னைக்குச் சாயங்காலம் மேல்மாடியிலேயே காட்டிப்போடலாமுங்க. ரெண்டு வாய் குடிச்சு, அந்தச் சுருட்டும் நல்லாப் பத்திக்கிட்ட பொறவு காட்டுங்க. மனுசனுக்கு மனசு நல்லா இருக்கறப்பக் கண்ணும் நல்லதாத்தானுங்க பார்க்கும்.”

“சாயம் மனசைப் பார்த்து மாறாதுங்க” என்றேன்.

“தெரியுமுங்க. முந்நூறு பேருக்கு நான் பதில் சொல்லணுமுங்க. பார்த்துக்குங்க” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேல்மாடி வராந்தாவில் எரிவது ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அந்த வெளிச்சத்தில் லாட் நிச்சயம் பொருந்தும். மார்ட்டின் கையெழுத்திட்டால் என் தவறு எவருக்கும் தெரியாது. என் இருபத்திரண்டு ஆண்டுப் பெயரும் அப்படியே நிற்கும். அதனால்தான் அன்று மாலை மாதிரியையும் லாட்டின் துண்டையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்றேன். எடுத்துச் செல்லவில்லை என்று சொல்ல முடிந்தால் இந்தக் கட்டுரையை எழுதுவது எளிதாக இருந்திருக்கும்.

பையை என் காலருகே வைத்துவிட்டு, முறைப்படி கலந்து கொடுத்தேன். மூவர் மட்டும் இருந்தோம். முதலாளி எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்ததை நான் பார்த்த மிகச் சில தருணங்களில் அது ஒன்று. மார்ட்டின் நிதானமாகப் பிடித்தார். முதல் பங்கு முடிந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுப் பங்கு முடிந்தது. முதலாளி இருமினார். மார்ட்டின் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கடைசிப் பங்கில், விரல் சுடும் அளவுக்குச் சுருட்டு குறுகியபோது, கடைசி வாயைக் குடித்துவிட்டு, இது முடிவுவரை நின்றது என்றார். இரண்டு நாட்களில் எங்கே தவற்றைக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு முழுவதற்கும் முடிவு செய்துவிட்டேன் என்று பதில் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது, கலவையைப் பற்றி மட்டும் நான் சொல்லவில்லை என்பது எனக்கே தெரிந்தது. என் பானத்தின் குறையை முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். அந்த ஒரு மனிதரின் கண்ணை ஏமாற்றத்தான் பையோடு வந்திருந்தேன்.

மார்ட்டின் சாம்பலைத் தட்டிவிட்டு, அந்தப் பையில் என்ன என்று கேட்டார். முதலாளி நாற்காலியில் சற்று முன்னே நகர்ந்தார்.

“நாளை காலை பத்து மணிக்கு, ஆய்வகத்தில், மூன்று விளக்கிலும் நீங்கள் பார்க்க வேண்டியது” என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன்; முதலாளிக்கும் புரிகிற ஆங்கிலம்.

முதலாளியின் முகம் மாறவில்லை. எழுந்து, விருந்தினருக்கு வணக்கம் சொல்லி, படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. மார்ட்டின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பெட்டியின் முன் நின்றார். முதல் விளக்கு, இரண்டாம் விளக்கு. மூன்றாம் விளக்கின் விசையை நானே அழுத்தினேன். அவர் ஒரே ஓர் ஆங்கிலச் சொல் சொன்னார்; தமிழில் அதற்கு ‘இல்லை’ என்று பொருள். பிறகு, இது நேற்று மாலை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். கிளாஸைக் கலப்பதற்கு முன்பேயா? முன்பே. நிராகரிப்புப் படிவத்தை எழுதினார். சாயத்தை உரித்துப் பழைய நீலத்தில் மறுபடி ஏற்ற எங்களுக்கு அவகாசம் அளித்தார். என் நேர்மைக்காக அதை அளித்தார் என்று நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. தேவையான துணியைக் குறித்த காலத்துக்குள் வேறெங்கும் பெற முடியாது என்பதே காரணமாக இருக்கலாம்.

லாட் உரிக்கப்பட்டு, மறுபடி சாயமேற்றப்பட்டு, மூன்று விளக்கிலும் நின்று, தாமதமாகப் புறப்பட்டது. முதலாளி இரண்டு வாரம் ஆய்வகத்துக்குள் வரவில்லை. வந்த அன்று வழக்கம்போல் நலம் விசாரித்தார். அந்த மாலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

ஆனால் சில மாதங்களுக்குப் பிறகு, சாயச்சாலை உரிமையாளர்கள் கூடிய ஓர் இடத்தில், எங்கள் சார் ஒரு கிளாஸ் கலந்து கொடுத்தார், லாட் பாஸ் ஆகிவிட்டது என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக என் காதுக்கு வந்தது. நேரில் போய்க் கேட்டேன். அவர் வெட்கப்படவில்லை.

“லாட்டு ரிஜெக்ட் ஆச்சுன்னு வெளிய தெரிஞ்சா அடுத்த ஆர்டரு எவன் சார் குடுப்பான்? அது லேட்டாப் போயும் எப்படிப் பாஸ் ஆச்சுன்னு கேக்கறாங்க. என்னமோ ஒண்ணு சொல்லணுமில்லீங்களா? உங்களைப் பெருமையாத்தானுங்க சொன்னேன்.”

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. முந்நூறு பேரின் வேலை அந்தப் பெயரை நம்பி இருந்தது. அந்தப் பெயருக்குக் குறை வந்ததற்குக் காரணம் என் கையெழுத்து. ஆகவே வாய் திறக்கவில்லை. மறுசாயம் முடிந்த பின் ஊரிலிருந்து திரும்பிய ஜெபராஜும் புறப்படும் லாட்டைப் பார்த்தார், கதையைக் கேட்டார், நம்பினார். பணி ஓய்வு பெறும்வரை அந்தக் கதைக்கு நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு குழந்தைசாமி அவர்கள் காலமானார். தொழிற்சாலை அதற்கு முன்பே கைமாறிப் பெயரும் மாறிவிட்டது. இனி என் சொல்லால் எவருக்கும் கேடில்லை.

கலவை நல்ல கலவை. சுருட்டோடு கடைசிவரை நின்றது. வெள்ளகோவிலில் அந்த இளைஞர்கள் கேட்டதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. மற்றபடி, மார்ட்டின் அன்று அருந்தியது ஒரு கிளாஸ். வராந்தாவில் எந்தத் துணியும் பையை விட்டு வெளியே வரவில்லை. மறுநாள் காலை அந்த லாட் பாஸ் ஆகவில்லை. நிராகரிக்கப்பட்டது. நிராகரிப்புப் படிவத்தில் இரண்டு கையெழுத்துகள் உள்ளன, இரண்டாவது என்னுடையது.